பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எந்த சப்வூஃபர்?

கேள்வி இதுதான்: அடுக்குமாடி வீட்டில் இரண்டாவது தளம். 10க்கு 12 அடி அறை, உயரமும் 10 அடி. 5.1 ரிசீவரும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆழமான பாஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு சோபாவை ஒட்டி ஒன்றேகால் அடி இடம்தான் ஒதுக்க முடியும். ஸ்பீக்கர் கூம்பு 8 இன்ச் போதுமா, 10 வேண்டுமா, எத்தனை வாட்ஸ்? கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரவும் கூடாது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். துளை இல்லாத, மூடிய பெட்டி. உள்ளேயே ஆம்ப் (மின்பெருக்கி) வைத்தது. 10 இன்ச் அல்லது 12 இன்ச். ஒன்றேகால் அடிக்குள் 12 இன்ச் அடங்குமா என்றால், அடங்கும். அப்படி வருகிற மாடல்கள் இருக்கின்றன. பட்ஜெட் இடிக்கிறதென்றால் 8 இன்ச்சுக்கு இறங்கலாம், ஆனால் அதில் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து இறங்குங்கள். வாட்ஸைக் கடைசியில் பார்த்தால் போதும்.

வாட்ஸை ஏன் கடைசியில் தள்ளுகிறேன் என்றால், நம் ஊரில் அந்த எண்ணுக்கு மரியாதையே இல்லாமல் போய்விட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நடை போனால் ‘5000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்கலாம். பிஎம்பிஓ என்பதற்குப் பொதுவான அளவீட்டு முறை எதுவும் கிடையாது; தயாரிப்பவர் மனசுதான் அளவு. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) என்று போட்டிருந்தால் மட்டும் அந்த எண்ணைப் படியுங்கள். அதிலும் 100 வாட்ஸுக்கும் 200 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான். காது அதை ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்றுதான் உணரும்.

சின்னப் பெட்டி விஷயத்தில் ஒரு கட்டாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் விளம்பரங்களில் பாதியைப் படிக்கவே தேவையில்லை. கேஎல்எச் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘எச்’, ஆன்டன் ஹாஃப்மன் என்பவரைக் குறிக்கிறது. அவர் 1960களில் சொன்ன விதியை இன்றும் ஹாஃப்மனின் இரும்பு விதி என்கிறார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் உங்களுக்குக் கிடைக்கும். பின்னாளில் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இரு பொறியாளர்கள் இதற்குச் சரியான கணக்கு போட்டுக் கொடுத்தார்கள். பெட்டியின் கொள்ளளவைப் பாதியாக்கினால் திறன் பாதியாகும், அதாவது அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். பெட்டியை மாற்றாமல் 40 ஹெர்ட்ஸில் (இந்த எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும்) நிற்பதை 20 ஹெர்ட்ஸ் வரை இறக்க நினைத்தால் எட்டு மடங்கு பவர் வேண்டும். 100 வாட்ஸில் முடிந்த வேலைக்கு 800 வாட்ஸ்.

பவரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீராது. அதே சத்தத்தை 40க்குப் பதில் 20 ஹெர்ட்ஸில் எழுப்ப, கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். கூம்பு சின்னதென்றால் முன்னும் பின்னும் அதிக தூரம் ஓடியாக வேண்டும். 8 இன்ச் கூம்பின் பரப்பு சுமார் 220 சதுர சென்டிமீட்டர், 10 இன்ச்சுக்கு 340 பக்கம், 12 இன்ச்சுக்கு 500 பக்கம். ஒரு 12 இன்ச் செய்வதை ஒரு 8 இன்ச் செய்ய வேண்டுமென்றால் இரண்டு மடங்குக்கு மேல் துள்ள வேண்டும். துள்ளுவதற்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் டப் என்று அடிக்கும், அல்லது உள்ளே இருக்கும் லிமிட்டர் என்ற காவல் சர்க்யூட் பாஸைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

இந்த விதியை மீறிக்காட்டுகிறேன் என்று பணத்தையும் பவரையும் கொட்டியவர்கள் உண்டு. 1990களில் பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர், சன்ஃபயர் என்ற பெயரில் 11 இன்ச் கனசதுரப் பெட்டிக்குள் 2700 வாட்ஸ் ஆம்பை வைத்து ஒரு சப்வூஃபர் செய்தார். விதி மீறப்படவில்லை, மூன்றாவதை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இன்றைய கேஇஎஃப் நிறுவனத்தின் கேசி62 அதே பாதையில் வந்தது: சுமார் 25 சென்டிமீட்டர் கனசதுரம், எதிரெதிரே இரண்டு ஆறரை இன்ச் கூம்புகள், மொத்தம் 1000 வாட்ஸ். எஸ்விஎஸ் நிறுவனத்தின் 3000 மைக்ரோவில் இரண்டு 8 இன்ச், 800 வாட்ஸ். அதே எஸ்விஎஸ்ஸின் எஸ்பி-1000 ப்ரோவில் ஒரே ஒரு 12 இன்ச், 325 வாட்ஸ். பெட்டி சற்றே பெரிது, ஆனாலும் உங்கள் ஒன்றேகால் அடிக்குள் வந்துவிடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டி சுருங்கச் சுருங்க வாட்ஸ் ஏறுகிறது. கேசி62-இன் இரண்டு கூம்புகளையும் சேர்த்தால்கூட ஒரு நல்ல 10 இன்ச்சின் பரப்பு வராது. அது மோசமான பொருள் என்று சொல்லவில்லை, பிரமாதமான பொறியியல். ஆனால் அங்கே நீங்கள் கொடுக்கும் காசு கூடுதல் பாஸுக்கு அல்ல, அந்தக் குட்டி அளவுக்கு. மூன்று நான்கு இன்ச் இடம் மிச்சம் பிடிக்க அவ்வளவு கொடுக்கத் தயாரா என்பது உங்கள் கையில்.

அடுத்தது, ‘20 ஹெர்ட்ஸ் வரை போகும்’ என்ற வாசகம். எந்தச் சத்தத்தில் போகும்? அதைச் சொல்லமாட்டார்கள். சின்னப் பெட்டிகளில் டிஎஸ்பி என்ற சிப் இருக்கிறது. மெதுவாகக் கேட்கும்போது அடிபாஸை அது தூக்கிக் கொடுக்கும். வால்யூம் ஏறினால் கூம்பைக் காப்பாற்ற முதலில் அந்த அடிபாஸைத்தான் குறைக்கும். ஆகவே அட்டையில் உள்ள எண் பொய்யில்லை, ஆனால் சண்டைக்காட்சி வரும்போது அது அங்கே இருக்காது. சிஇஏ-2010 என்று ஒரு அளவீட்டு முறை இருக்கிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் குறிப்பிட்ட சிதைவு எல்லைக்குள் எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது தனித்தனியாகச் சொல்லும். மதிப்புரைகளில் அந்த அட்டவணை கிடைத்தால் 20, 25, 31.5 ஹெர்ட்ஸ் வரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். ‘பஞ்ச் இருக்கு, டைட்டா இருக்கு’ என்ற வர்ணனைகளைத் தாண்டிப் போகலாம்.

பாட்டுக்கு இவ்வளவு ஆழம் தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை. பாஸ் கிட்டாரின் கனத்த கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான். பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு போல்க் பிஎஸ்டபிள்யூ10 போன்ற துளை வைத்த 10 இன்ச்சே போதும். 40 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும், விலையும் கையைக் கடிக்காது. சினிமா வேறு. 5.1 என்பதில் உள்ள அந்தப் புள்ளி ஒன்று, எல்எஃப்இ எனப்படும் தனித் தடம். 120 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் ஒலி இருக்கும். மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் தூக்கி ஒலிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இடி, வெடி, ஹெலிகாப்டர் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. 30க்குக் கீழே போகும் சத்தத்தைக் காதோடு உடம்பும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும்.

இனி உங்களுக்குச் சாதகமான செய்தி. சின்ன அறை சின்னப் பெட்டிக்கு உதவி செய்யும். அறையின் நீளத்தில் ஒலியலை மடங்கக்கூடிய மிகக் குறைந்த அதிர்வெண் ஒன்று உண்டு. அதற்கும் கீழே போனால் சப்வூஃபர் அறைக் காற்றை மொத்தமாக அழுத்தி விடுகிற பம்பு மாதிரி ஆகிவிடும். ஏட்டுக் கணக்கில், காற்றுப் புகாத அறையில், ஒவ்வொரு ஆக்டேவ் (அதிர்வெண் பாதியாகும் ஒரு படி) கீழே இறங்கும்போதும் 12 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும். மூடிய பெட்டியின் பாஸ் சரியாக அதே வேகத்தில்தான் சரிகிறது. அது இழப்பதை அறை ஈடுகட்டுகிறது. துளை வைத்த பெட்டி, துளையின் எல்லை வரை ஓங்கி அடித்துவிட்டு, அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் வேகத்தில் விழும். அதை அறையால் தூக்கி நிறுத்த முடியாது. போதாததற்கு எல்லைக்கு மேலே அது ஓங்கி அடிக்கிற இடத்திலேயே உங்கள் அறையும் சேர்ந்து அடிக்கும். ‘கும் கும்’ என்று ஒரே சுரத்தில் ஒலிக்கும் பாஸ் பல வீடுகளில் இப்படித்தான் பிறக்கிறது. சின்னப் பெட்டியில் துளைக் குழாய் குறுகலாகவும் இருக்கும், சத்தம் கூடினால் ‘புஸ்’ என்று காற்று சீறும். கூடவே நம் ஊருக்கே உரிய ஒன்று: பல்லியும் கரப்பானும் அந்தக் குழாய்க்குள் வாடகை இல்லாமல் தங்கும்.

அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு ‘12 இன்ச் இரண்டு இல்லாமல் ஹோம் தியேட்டரே இல்லை’ என்று பயப்பட வேண்டாம். அவர்களுடைய ஹால் சமையலறையோடு சேர்ந்து திறந்து கிடக்கும். சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை, பாஸ் அதன் வழியே வெளியேறிவிடும். உங்களுடையது 1200 கன அடி, செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால் பாஸ் பெரும்பாலும் உள்ளேயே தங்கும்.

உள்ளேயே தங்குவதுதான் பிரச்சினையும். 565 என்ற எண்ணை அறையின் நீளத்தால், அடிக்கணக்கில், வகுத்துப் பாருங்கள். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்களில் அறை தானாகவே முழங்கும். உங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒரே 10 அடி. ஆகவே 56-இல் இரண்டு முழக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. எந்த பிராண்டு வாங்கினாலும், எத்தனை லட்சம் கொடுத்தாலும், அது அங்கேயே இருக்கும். டிவி 10 அடிச் சுவரில் இருக்கிறதென்றால், நீளவாக்கில் ஆறாவது அடியில், அதாவது அறையின் நட்டநடுவே, 47 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போகும். பின்சுவரில் முதுகு ஒட்டி உட்கார்ந்தால் அதே 47 மண்டையில் அடிக்கும். சோபாவை ஒன்றரை அடி நகர்த்துவது சில சமயம் 8 இன்ச்சிலிருந்து 12 இன்ச்சுக்கு மாறுவதைவிட அதிக மாற்றத்தைக் கொடுக்கும். காசும் செலவில்லை.

அதனால்தான், ‘இங்கேதான் வைப்பேன்’ என்று சோபா ஓரத்தை முன்கூட்டியே முடிவு செய்வதை ஏற்க மாட்டேன். சப்வூஃபர் வந்ததும் முதல் நாள் அதைச் சோபாவின் மேலேயே, நீங்கள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வையுங்கள். மேலும் கீழும் நடமாடும் பாஸ் வரிசை உள்ள ஒரு பாட்டைச் சுழலவிடுங்கள். பிறகு, பெட்டி வைக்கச் சாத்தியமுள்ள ஒவ்வொரு இடத்திலும் குனிந்து, காதைக் கூம்பின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். மூலையில் எல்லாமே பெரிதாக, ஆனால் ஒன்றிரண்டு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். சுவரின் நடுப்பகுதியில் பெரும்பாலும் சீராக இருக்கும். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிற இடம் எதுவோ அதுதான் பெட்டிக்கு. வீட்டில் சிரிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். அந்த இடத்தில் அலமாரிதான் நிற்கிறது என்றால் அடுத்த நல்ல இடம். சோபா ஓரம் ஜெயித்தால் ரொம்ப நல்லது, அதற்குக் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 என்ற யூஎஸ்பி மைக்கும் போதும். வளைகோடு திரையில் வந்ததும் அந்த 56-இல் மலை மாதிரி எழுந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேட்டை ஈக்வலைசர் வெட்டிவிடும். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். அங்கே எவ்வளவு பவர் ஊற்றினாலும் அலையே அலையை அழித்துவிடும், ஆம்ப் மட்டும் சூடாகும்.

ரிசீவர் அமைப்பில் அடிக்கடி பார்க்கிற கோளாறுகள் சில. எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வையுங்கள். ஸ்பீக்கரைக் கேவலப்படுத்துவதாக நினைக்க வேண்டாம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் ஒப்படை என்றுதான் அதற்குப் பொருள். சப்வூஃபரின் முதுகில், எந்த அதிர்வெண் வரை அது பாட வேண்டும் என்று வெட்டும் க்ராஸ்ஓவர் திருகை எல்எஃப்இ என்ற இடத்திலோ உச்சத்திலோ விட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வடிகட்டி ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்து நடுவில் ஓட்டை விழும். வால்யூம் திருகு பாதியில். ரிசீவர் மைக் வைத்துத் தானே அளவுகளைச் சரிசெய்யும் ஆட்டோ காலிப்ரேஷன் முடிந்ததும் சப்வூஃபர் அளவு மைனஸ் கடைசியில், உதாரணமாக மைனஸ் 12-இல், முட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் பெட்டியின் வால்யூமைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். சப்வூஃபரின் தூரத்தை ரிசீவர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். டேப் வைத்து அளந்து ‘திருத்த’ வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் சிப்பும் வடிகட்டியும் எடுத்துக்கொள்ளும் தாமதத்தைத்தான் அது தூரமாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரே பாஸை ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் சேர்த்து அனுப்பும் ‘எல்எஃப்இ ப்ளஸ் மெயின்’ என்ற வசதியைத் தொடவே தொடாதீர்கள்.

இப்போது கீழ்வீடு. கனமான சுவரும் தளமும் உச்சஸ்தாயியை நன்றாகத் தடுக்கும், அதிர்வெண் இறங்க இறங்கத் தடுப்பு குறையும். அதனால்தான் வசனம் எதுவும் கேட்காமல் ‘தம் தம்’ மட்டும் அடுத்த வீட்டுக்குப் போகிறது. ரப்பர் பேட் விற்பார்கள். பெட்டியின் நடுக்கம் டைல்ஸில் இறங்காமல் அது தடுக்கும், கூம்பு காற்றில் எழுப்பும் பாஸை அதால் தடுக்க முடியாது. எதிரெதிர்க் கூம்பு வைத்த மாடல்களில் ஒன்றின் உதைப்பை மற்றது சரிக்கட்டுவதால் பெட்டி நடுங்குவதே குறைவு, அங்கே பேடுக்கும் வேலை குறைவு. உண்மையில் உதவுவது வேறு: சப்வூஃபரை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்வது. எதிர்மூலையிலிருந்து வர வேண்டிய பாஸ் கைக்கெட்டும் தூரத்திலிருந்து வந்தால் அதே அனுபவத்துக்கு வால்யூமைச் சில டெசிபல் குறைத்துவிடலாம். குறைத்தது அத்தனையும் கீழ்வீட்டுக்கும் குறையும். சோபா ஓரம் ஜெயித்தால் நல்லது என்று சொன்னது இதற்காகத்தான்.

உங்கள் வீட்டுக்குள்ளேயே எதிரிகள் உண்டு. 20-இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டெஸ்ட் டோனை ஓடவிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். ஸ்டீல் பீரோவின் கதவு ஒரு இடத்தில் பிடிக்கும், ஜன்னல் கிரில் இன்னொரு இடத்தில், ஷோகேஸ் கண்ணாடி மற்றொரு இடத்தில். பலர் ‘சப்வூஃபர் இரைகிறது’ என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவது பீரோவின் குற்றத்துக்காகத்தான். கதவிடுக்கில் மடித்த துணி, கண்ணாடிக்கு ஃபெல்ட் ஒட்டு, முடிந்தது.

சவுண்ட்பாரோடு வரும் சப்வூஃபரைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. அந்த பாரில் உள்ள கூம்புகள் மிகச் சின்னவை, அதனால் 120, 150 ஹெர்ட்ஸ் வரை சப்வூஃபரே பாட வேண்டியிருக்கும். ஆணின் குரல் அந்த எல்லைக்குள் இறங்கும். ஹீரோ திரையில் பேச, குரலின் அடிப்பகுதி சோபாவுக்குக் கீழிருந்து வரும். உங்கள் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் 80 வரை இறங்கும் என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 80-க்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குப் பிடிபடாது.

பிற்பாடு பணம் சேர்ந்தால் பெரியதாக மாற்றாதீர்கள், அதே மாடலில் இன்னொன்று வாங்குங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால் அந்தத் திசையின் முதல் முழக்கம் தானாக அடங்கும். சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பாஸ் கிடைக்கும். ஒருவர் மட்டும் பார்க்கிற அறை என்றால் ஒன்றே போதும்.

பழையது வாங்குவதாக இருந்தால் கூம்பின் ஓர வளையத்தைப் பாருங்கள். ஃபோம் என்றால் நம் வெயிலுக்கும் கடற்கரை ஈரக்காற்றுக்கும் சில வருடங்களில் பொடிந்துபோகும். விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே தூள் ஒட்டும். ரப்பர் வளையம் நிற்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் கூம்பை நேராக, சமமாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது, பேரம் பேசவே வேண்டாம். கடையில் கேட்கும்போது அவர்கள் போடும் டெமோ படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு உங்கள் போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் டோனைப் போடச் சொல்லுங்கள். சுத்தமான சப்வூஃபரில் ஆழமான, அடங்கிய உறுமல்தான் கேட்கும், உடம்பும் அதை உணரும். அதைவிட உயர்ந்த சுரத்தில் தெளிவாக ஒரு ‘பூம்’ கேட்டால் அது 30 அல்ல, அதன் இரட்டிப்பும் மும்மடங்கும். பெட்டியால் முடியாததைச் சிதைவாக வெளியே தள்ளுகிறது. அந்தக் கடையில் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் போடச் சொல்லுங்கள்.